கடலோர விடுதியில் ஒரு படி சாமை

"...மூஞ்சியக் காட்டாம போன்லயே நல்லாக்கிறேன் நல்லாக்கிறேன்னா, நான் இன்னா புள்ளையப் பெத்தனா, ரேடியோவப் பெத்தனா? எடுங்க பாய் வண்டிய!" என்றாள் என் அக்கா சின்னப்பொண்ணு. காலை ஆறரை மணி. கள்ளக்குறிச்சியில் என் மாவு மில்லுக்கு முன்னால் வாடகை வேன் உறுமிக்கொண்டு நின்றது. "இந்த நேரத்துல போய்த்தான் ஆவணுமா அண்ணி?" என்று என் மனைவி விஜயா கேட்டதற்கு வந்த பதில் அது. டிரைவர் இக்பால் பாய் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த ஆடி மாதம். ஓட்டல்கள் திறந்துவிட்டன, கடற்கரைகள் திறக்கவில்லை. நாங்கள் போனதோ மரக்காணத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள ஒரு சொகுசு விடுதிக்கு. ஒரு இரவுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு சேர்த்து. கூட்டம் இல்லாத காலம் என்பதால் பாதி விலையாம். "கடல் ஓரத்துல தங்கறதுக்குத் துட்டு, கடல்ல கால வெச்சா அபராதம். நல்லாக்குது உங்க டூரு" என்றார் பாய்.

உண்மையில் நாங்கள் கடலைப் பார்க்கப் போகவில்லை. அக்காவின் ஒரே மகன் அன்பு அந்த விடுதியில்தான் வேலை பார்க்கிறான். முந்தின வருடம் பொங்கல் முடிந்து மலையிறங்கியவன், அப்புறம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. வேலையாட்கள் வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும்; வெளியே போனால் வேலை நிச்சயமில்லை; கேட்டில் நின்றுகூட சொந்தக்காரர்களைப் பார்க்கக் கூடாது. அங்கே அப்படிச் சட்டம். போனில் முகம் பார்க்கலாமே என்பீர்கள். கல்வராயன் மலையில் எங்கள் ஊரில் சிக்னல் பிடிக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும். ஏறினால் குரல் வரும், படம் வராது.

அக்காவும் குரலை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சித்திரையில் அன்புவுக்கு நோய் வந்து, தனி அறையில் மூச்சு முட்டக் கிடந்திருக்கிறான். அந்த நாட்களிலும் "நல்லாக்கிறேன்மா" என்றே போனில் சொல்லியிருக்கிறான். வேலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு கூட்டாளி வழியாக அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் குரலை நம்புவதை விட்டுவிட்டாள். "உள்ள போறதுக்கு வேலக்காரனா இருக்கணும், இல்லாங்காட்டி விருந்தாளியா இருக்கணும். நான் விருந்தாளியாப் போறேன்" என்று இரண்டு ஆடுகளை விற்று என்னிடம் வந்து நின்றாள்.

இன்னொரு காரணமும் அவள் மடியில் இருந்தது. ஒரு படி சாமை, துணிப்பையில், உமி போகாமல். எங்கள் வீட்டில் புதுச்சாமை அறுத்தால், பொங்குகிற அன்றைக்கே அதைக் குத்திப் பொங்கி, வீட்டு ஆட்கள் அத்தனை பேர் வாயிலும் ஒரு கவளம் போன பிறகுதான் மற்றது. ஒரு வாய் குறைந்தாலும் பானையைத் திறக்க மாட்டோம். போன அறுவடைச் சாமை அன்புவுக்காக அப்படியே காத்திருந்தது. காட்டில் விளைந்ததை வீட்டில் வைத்துக்கொண்டு அக்காவும் மாமாவும் ரேஷன் அரிசி தின்றார்கள். "ஏங்க்கா, எங்கிட்ட குடுத்தா உமி போக்கி வெச்சிருப்பேனே?" என்றேன். "ஒம் மிசினுல மாவுதான் அரையும். இத அங்க போய் குத்திக்கிறேன்." "அங்க உரலு?" "மனுசன் இருக்கிற எடத்துல உரலு இல்லாமப் பூடுமா?" இதை அவள் சந்தேகமே இல்லாமல் கேட்டாள். சொகுசு விடுதி என்றால் என்னவென்று அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தியாகதுருகம் தாண்டி உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினோம். டீக்கடைக்காரர் பேப்பர் கப்பை நீட்டியபடி புலம்பினார்: "முன்னெல்லாம் சக்கர ஜாஸ்தியா கம்மியான்னு குடிக்கிறவன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிப்பேன். இப்ப மூடிக்கினு வர்றாங்க, மூடிக்கினு பூட்றாங்க. நான் குருடன் மாதிரி ஆத்திக்கினு கீறேன்." மில்லில் நிற்கும் எனக்கும் அதே கதைதான். பாதி வாடிக்கையாளர்களைத் தூக்குச்சட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்.

விழுப்புரம், திண்டிவனம் என்று நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. என் மகள் கயலுக்குப் பதினொரு வயது. கடலில் இறங்க முடியாது என்று மரக்காணத்தில்தான் அவளிடம் சொன்னோம். அழுதாள். "உப்புத் தண்ணிதான கண்ணு, இப்பவே உங்கிட்ட நெறைய வருதே" என்று அவள் கன்னத்தைத் துடைத்தாள் அக்கா. கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அக்காவிடம் கடைசியாக ஒருமுறை சொல்லி வைத்தேன்: "நாம வர்றது அன்புக்குத் தெரியாது. சொன்னா வாணாம்பான்னு நீதான் சொல்லக்கூடாதுன்ன. அவன் அம்மான்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் வேலைக்கே வேட்டு." அக்கா தலையாட்டினாள்.

நண்பகலுக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம். சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். கேட்டில் நெற்றிக்குத் துப்பாக்கி போல ஒன்றைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். எனக்கும் விஜயாவுக்கும் ஊசிச் சான்றிதழ். அக்காவுக்கும் கயலுக்கும் பரிசோதனைச் சீட்டு. ("மூக்குல குச்சிய உட்டு மூளைய நலம் விசாரிச்சுட்டு வந்தான்" என்று அக்கா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.) பெட்டிகள்மேல் மருந்து அடித்த காவலாளி அக்காவின் துணிப்பையிடம் வந்தார்.

"இன்னாம்மா இது? வெளிச் சாப்பாடு உள்ள உட மாட்டாங்க."

"சாப்பாடு இல்லப்பா, தானியம். வேவாத தானியத்த எவன் சாப்புடுவான்?"

"சரி, மருந்தாவது அடிக்கிறேன்."

"வாயில போடறதுக்கு மருந்து அடிப்பியா? எம்மேல அடி" என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அவர் அவள் செருப்புமேல் ஒப்புக்கு அடித்துவிட்டு விட்டுவிட்டார்.

உள்ளே தேக்குத் தூண்கள், தூணுக்குத் தூண் சானிடைசர். நடுக்கூடத்தில் நின்றேன், எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பெரிய கருங்கல் உரல் ஒன்று! அதில் தண்ணீர் நிரப்பி, ரோஜா இதழ்களும் சாமந்தியும் மிதக்கவிட்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் பூண் போட்ட உலக்கைகள் இரண்டைப் பெருக்கல் குறி போல மாட்டியிருந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது தட்டில் இளநீர் டம்ளர்களோடு ஒரு பையன் வந்தான். மாஸ்க், அதன்மேல் நெற்றியிலிருந்து தாடை வரை கண்ணாடித் தடுப்பு, கையுறை. "வெல்கம் சார். வெல்கம் மேட..." அங்கேயே நின்றுவிட்டது குரல். எனக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் புலப்படவில்லை. அக்காவுக்குப் புலப்பட்டுவிட்டது. கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறப் புடவையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க மேலாளர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு டம்ளரை எடுத்தாள். "ரொம்ப நன்றிங்க தம்பி" என்றாள். வாழ்நாளில் அவனுக்கு அவள் போட்ட முதல் 'ங்க'.

மதியத்துக்குமேல் அறையில் கயல் ஒரு கண்டுபிடிப்பு செய்தாள். போனில் ஒன்பதை அழுத்தினால் ஆள் வருவார்கள். "யார்னா வருவாங்களா, அன்பு வருவானா?" என்று கேட்டாள் அக்கா. "யார் வேணா வரலாம் அத்த." "அப்ப அமுக்கு." கயல் தண்ணீர் கேட்டாள், ஒரு பெண் வந்தாள். துண்டு கேட்டாள், வேறொரு பையன் வந்தான். கொசுவர்த்தி, சோப்பு, மறுபடி துண்டு. அலமாரியில் வெள்ளைத் துண்டு மலை போல் குவிந்தது. "கடை போட்டுடலாம் அண்ணி" என்றாள் விஜயா. கடைசியில் தலையணை கேட்டபோது அன்பு வந்தான். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"யம்மா, ஏம்மா வந்த? யார்னா பாத்தா நான் காலி."

"மூஞ்சியக் காட்டுடா."

"கேமரா இருக்குதும்மா."

"ஒரு வாட்டி இறக்குடா, பாத்துக்கிறேன்."

"மேடம், வேற எதுனா வேணுமா?" என்று திடீரென்று சத்தமாகக் கேட்டான் அவன். வராந்தாவில் யாரோ நடந்து வந்தார்கள். தலையணையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே புல்தரை, அதன் முடிவில் சிவப்பு வெள்ளை ரிப்பன், அதற்கப்பால் ஆள் அரவமே இல்லாத மணலும் கடலும். முதல் தடவை கடலைப் பார்க்கிறவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நீட்டிய மெனுவில் 'சாமை உப்புமா' என்று தமிழிலும் போட்டிருந்தது. விலை முந்நூற்று எண்பது. நான் படித்துக் காட்டியதும் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்க காட்டுல வந்தா சட்டியோட குடுப்பேனே!" கொண்டு வரச் சொல்லட்டுமா என்று விஜயா கேட்டாள். "வாணாம்மா. எவன் காட்டுச் சாமையா இருந்தா இன்னா, அன்பு வாயில படாம எனக்கு எறங்காது." இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்த நேரம். சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். தொம்... தொம்... தொம். அந்தச் சத்தம் எனக்குக் கருவிலிருந்தே தெரியும். அக்காவின் கட்டில் காலி. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நடுக்கூடத்தில் பூக்கள் ஒரு செய்தித்தாள்மேல் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. உரலிலிருந்த தண்ணீரை இறைத்து, நேற்று வாங்கிய துண்டுகளால் ஈரம் போகத் துடைத்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாமையைக் குத்திக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேசைப் பெண் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். காலை நடைக்கு வந்த இரண்டு மூன்று விருந்தினர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "வாவ், ஆத்தென்டிக்!" என்றார் ஒருவர்.

மேலாளர் அம்மா வேகமாக வந்தார். "மேடம், மேடம்! இது டெக்கரேஷன் பீஸ்!"

"இன்னா பீஸோம்மா. குழி இருக்குது, ஒலக்க இருக்குது. குத்திட்டு, பூவப் போட்டுத் தந்துர்றேன்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். நிறுத்தச் சொன்னால் அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மேலாளர் அம்மா நினைத்திருக்க வேண்டும். சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்தைத் துடைக்கிற முறை அன்று யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? "அன்பு! நின்னு வேடிக்கை பாக்காத. மேடமுக்கு ஹெல்ப் பண்ணு!"

அன்பு சுவரில் மிச்சமிருந்த உலக்கையை எடுத்து உரலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றான்.

ஒரே உரலில் இரண்டு பேர் குத்துவது சாதாரண வேலையில்லை. இவள் ஓங்கும்போது அவன் இறக்க வேண்டும், அவன் தூக்கும்போது இவள் இறக்க வேண்டும். பழகாதவர்கள் நின்றால் மூன்றாவது குத்திலேயே உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும், கை மரத்துவிடும். இங்கே தொம்-தொம், தொம்-தொம் என்று ஒரு குத்தும் பிசகாமல் விழுந்தது. அக்கா இடது கைக்கு மாற்றினாள், அவனும் மாற்றினான். அக்கா சிதறினதைக் காலால் தள்ளினாள். அவன் அந்த ஒரு குத்தை விட்டுக்கொடுத்து அடுத்ததைப் போட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

மேலாளர் அம்மாவின் கை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கியது. அதுவரை பேசிய பேச்சும் மாறிவிட்டது.

"இன்னாடா அன்பு, ஒலக்க மோதவே மாட்டேங்குது?"

அவன் உலக்கையைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"எங்க அம்மா வூடு களமருதூரு. நானும் எங்க அக்காளும் சேந்து நெல்லு குத்துவோம். கூடவே பொறந்து வளந்தும் எங்களுக்கு வருசமாச்சு இந்த மாதிரி விழ. நீ எந்த ஊரு சொன்ன?"

"கல்வராயன் மலைங்க மேடம்."

"இவங்க?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. அதற்குள் அக்கா, குத்துவதை நிறுத்தாமலே சொன்னாள்: "நாந்தாங்க பெத்தேன்."

அப்போதுதான் இரண்டு உலக்கைகளும் முதல் தடவையாக மோதின.

மேலாளர் அம்மா முதலில் விருந்தினர்களைப் பார்த்து, சிற்றுண்டி தயார் என்று இங்கிலீஷில் சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மாசக்கணக்கா இத்தினி பேர உள்ளவே வெச்சிக் காப்பாத்திக்கினு கீறேன். எனக்கு மேலயும் ஆளுங்க கீறாங்க. ஒருத்தனுக்கு உட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நான் இன்னா பண்றது, சொல்லுங்க?"

"நீங்க ஒண்ணும் பண்ண வாணாங்க" என்றாள் அக்கா. "இத ஒரு வாய் அவன் திங்கணும். திங்கறப்ப மூஞ்சிய நான் பாக்கணும். அவ்ளோதான். வேலைய உட்டு வான்னு கூப்புட வர்ல."

அந்த அம்மா வெளியே, ரிப்பனுக்கு அப்பால் இருந்த மணலைப் பார்த்தார். "அங்க எந்த கெஸ்ட்டும் வர மாட்டாங்க. கேமராவும் கெடையாது. அவன் மணல்ல, நீங்க புல்லு மேல. ஆறடி. பத்து நிமிசம். தொடக் கூடாது."

"தொட மாட்டேன்" என்றாள் அக்கா.

பழம் வைக்கும் மூங்கில் தட்டை வாங்கி உமியைப் புடைத்தாள். சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றபடியே சமையல்காரரை ஆட்டிவைத்தாள். "நெய்யி வாணாம், முந்திரி வாணாம். உப்பு போதும்." "வெறும் சோறா மேடம்?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். "ஆமா தம்பி. பசிச்சவனுக்குத்தான்."

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது. காற்று உப்பாக அடித்தது. அன்பு ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தட்டை நடுவில் வைத்துவிட்டு அக்கா பின்னால் நகர்ந்து புல்லில் உட்கார்ந்தாள். அவன் கண்ணாடித் தடுப்பைக் கழற்றினான். பிறகு மாஸ்க்கைக் கழற்றினான்.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூக்கின்மேலும் காதோரத்திலும் பட்டை பட்டையாகத் தழும்பு. மீசை இல்லை. எங்கள் அன்புதான், ஆனால் அவனுக்கு அண்ணன் மாதிரி இருந்தான்.

"மீச எங்கடா?"

"எடுத்துறணும்மா. ரூல்ஸு."

"மூச்சு வாங்குதா?"

"படி ஏறினா கொஞ்சம் வாங்குது." முதல் தடவையாக 'நல்லாக்கிறேன்' என்று அவன் சொல்லவில்லை.

"சரி, துன்னு."

அவன் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டான். அது தொண்டையில் இறங்கும்வரை அக்கா அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டாள். எனக்கும் விஜயாவுக்கும் கயலுக்கும் கொடுத்தாள். காட்டைப் பார்த்துக்கொள்ள மலையிலேயே தங்கிவிட்ட மாமா பங்குக்கு ஒரு டப்பாவில் எடுத்து மூடி வைத்தாள். கயல் மட்டும் கடலைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே பாய் ஹாரன் அடிப்பது கேட்டது.

ஊர் திரும்பியதும் மில்லில் எல்லோரும் கேட்டார்கள்: எப்படி இருந்தது சொகுசு விடுதி? எங்கள் மலையில் ஒரு வாய்த் தண்ணிக்கும் நாமே எழுந்து போக வேண்டும், அங்கே எதற்குமே எழுந்திருக்க வேண்டாம், அதுதான் வித்தியாசம் என்றேன். எனக்கும் விஜயாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? மெத்தை முதுகை விட மாட்டேன் என்றது. அக்காவுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கண்டுகொண்டேன்.

அன்பு தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். மாஸ்க்கை மாட்டினான், கண்ணாடியை மாட்டினான், கையுறையைப் போட்டான். ரிப்பனைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, தன் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தட்டுக்காக மறு கையை நீட்டிக் குனிந்தான். மேலாளர் அம்மா வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டீங்களா மேடம்? எடுத்துக்கலாமா?"

அக்கா தன் தட்டைக் கொடுக்கவில்லை. விரல் படாமல் அவன் கையிலிருந்த எச்சில் தட்டை வாங்கித் தன் தட்டின்மேல் வைத்தாள். குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவன் கை காட்டிய திசையில், இரண்டையும் கழுவப் போனாள்.